பெட்டியில் 4 ஹெச்.பி., மூடியைத் திறந்தால் 1 ஹெச்.பி.: இரண்டு டிரெட்மில் வாங்கிய அனுபவம்

டிரெட்மில் வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை ஹெச்.பி., அதாவது எத்தனை குதிரைசக்தி என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன், கேட்டு ஏமாந்தேன். இதுவரை இரண்டு வாங்கியாகிவிட்டது. முதலாவது 2021ல், ஆன்லைனில், 31,000 ரூபாய், பெட்டியின் நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் 4 ஹெச்.பி. என்று போட்டிருந்தது. பதினான்காவது மாதம் அதன் கதை முடிந்தது. இரண்டாவது 2023ல், கடை கடையாக ஏறி இறங்கி 68,000 ரூபாய் கொடுத்து வாங்கியது, அதன் விளம்பரத்தில் வெறும் 2 ஹெச்.பி.தான். இன்று காலைகூட அதில்தான் நடந்தேன். இரண்டு கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அதை வாங்கலாமா கூடாதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும், உள்ளே கிடக்கும் மோட்டாரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

இதில் எனக்கு அவமானம் என்னவென்றால் நான் கோயம்புத்தூர்க்காரன். 1937லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டாரைச் செய்த ஊர் இது. எங்கள் சித்தப்பா கணபதி ஏரியாவில் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், பள்ளி லீவில் அங்கே போய் உட்கார்ந்து வார்னிஷ் வாசனையிலேயே வளர்ந்தவன் நான். தோட்டத்துக்கு போர் மோட்டார் வாங்கும்போது காயில் காப்பர்தானா, எத்தனை ஸ்டேஜ், எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்தவன், டிரெட்மில்லுக்கு பெட்டியைப் பார்த்து காசு கட்டினேன். விஷயம் தெரிந்ததும் சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்கண்ணு, போர் மோட்டாருக்கு அத்தனை கேள்வி கேட்டயே, இதுக்கு ஒண்ணுகூட கேக்கலையா?"

சரி, முதல் மெஷினுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். எனக்கு அப்போது 94 கிலோ. காலை முக்கால் மணி நேரம் நான் நடப்பேன், இறங்கியதும் அம்மா ஏறி அரை மணி நேரம் நடப்பார், அவருக்கு சர்க்கரை, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நாலைந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் காலை அழுத்தி வைக்கும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போக ஆரம்பித்தது. பெல்ட் லூஸ் என்று நினைத்து பின்பக்க போல்ட்டை முறுக்கினேன். கொஞ்ச நாளில் முன்பக்க மூடியிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை. ஒரு நாள் அம்மா ஏறி நின்று பட்டனை அழுத்தினார், பட் என்று ஒரு சத்தம், திரையில் ஒரு எரர் எண், அவ்வளவுதான்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, படம் எடுத்து அனுப்பி, வீடியோ எடுத்து அனுப்பி, பதினோரு நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றியதுமே, "போர்டு போயிருச்சுங்ணா, மோட்டாரும் ரொம்ப நாள் தாங்காதுங்ணா" என்றார். மோட்டாருக்கு மூன்று வருஷ வாரண்டி இருந்தது. போர்டுக்கு, அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் அட்டைக்கு, ஒரு வருஷம்தான். போனது போர்டு, மாதம் பதினான்கு. புதுப் போர்டு 9,500 ரூபாய் என்றார்கள். இங்கேதான் முதன்முதலாக அந்த மோட்டாரின் நேம் பிளேட்டை என் கண்ணால் பார்த்தேன். 0.75 கிலோவாட். கீழே சின்ன எழுத்தில் எஸ்2, 30 நிமிடம்.

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் 0.75 கிலோவாட் என்பது சுத்தமாக ஒரே ஒரு ஹெச்.பி. பெட்டியில் இருந்த 4 என்பது பீக் ஹெச்.பி., அதாவது மோட்டார் திணறும் ஒரு கணத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்துத் தள்ளும் என்கிற கணக்கு. அந்தச் சுமையில் அது ஐந்து நிமிடம் ஓடினால் காயில் கருகிவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பத்து செகண்டை வைத்து இவர் மாரத்தான் ஓடுவார் என்று சொல்வது மாதிரி. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் கன்டினியூவஸ் ஹெச்.பி. என்கிறார்கள், அதை பெட்டியில் பெரும்பாலும் போடமாட்டார்கள், போட்டாலும் கண்ணாடி மாட்டித்தான் படிக்கவேண்டும். எஸ்2 30 நிமிடம் என்பதற்கு அர்த்தம் இன்னும் வேடிக்கை: அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடலாம், அப்புறம் முழுவதும் ஆறும்வரை நிறுத்திவைக்கவேண்டும். நானும் அம்மாவும் அடுத்தடுத்து ஒன்றே கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தோம். எஸ்1 என்று இருந்தால்தான் நிறுத்தாமல் ஓட்டலாம்.

மூடியைத் திறக்காமலேயே இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை. பிளக்கைப் பார்த்திருந்தால் போதும். அந்த மெஷினுக்குச் சின்ன பின், 6 ஆம்ப்ஸ் பிளக். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், பெருக்கினால் 1,380 வாட். சுவரிலிருந்து தொடர்ந்து அதற்கு மேல் எடுக்கக்கூடாது, அதிலும் போர்டிலும் மோட்டாரிலும் சூடாகப் போவது போக பெல்ட்டுக்கு வருவது இன்னும் குறைவு. நிஜமாகவே 4 ஹெச்.பி. தொடர்ந்து தரவேண்டுமென்றால் மோட்டார் தண்டில் மட்டும் 2,984 வாட் வரவேண்டும், இழப்பையும் சேர்த்தால் 16 ஆம்ப்ஸ் பிளக்கே திணறும். ஆகவே வீட்டு பிளக்கில் மாட்டுகிற எதையாவது காட்டி 5 ஹெச்.பி., 6 ஹெச்.பி. என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்து சித்தப்பா சொன்னது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஓடுகிறவனைவிட மெதுவாக நடக்கிற கனமான ஆள்தான் மோட்டாரைக் கொல்கிறான் என்றார். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன், நடக்கத்தானே போகிறோம், சின்ன மோட்டார் போதும் என்று. வீட்டு டிரெட்மில்லில் பெரும்பாலும் இருப்பது காந்தம் வைத்த டி.சி. மோட்டார். அதில் வோல்ட் வேகத்தைத் தீர்மானிக்கிறது, ஆம்ப்ஸ் இழுவையைத் தீர்மானிக்கிறது. பிளேட்டில் எழுதியிருக்கும் ஹெச்.பி. மோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது தருவது. என் பழைய மெஷினின் உச்ச வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். நான் நடந்தது நாலு. மோட்டார் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றினால், அதே ஆம்ப்ஸில் அது தருவதும் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது ஏறக்குறைய 250 வாட். 94 கிலோ ஆள் ஒவ்வொரு அடியிலும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்தும்போது அது போதாது, அதனால் ஆம்ப்ஸ் ஏறுகிறது. ஆம்ப்ஸ் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நாலு மடங்கு. போதாக்குறைக்கு மோட்டாரைக் குளிரவைக்கும் ஃபேன் அதே தண்டில்தான் மாட்டியிருக்கும், மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு அதிகமாக இருக்கும் நேரத்தில் காற்று குறைவு. எண்பது, தொண்ணூறு கிலோவில் நிதானமாக நடக்கப்போகிறவர்தான் பெரிய மோட்டார் வாங்கவேண்டியவர், நம் ஊரில் டிரெட்மில் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அந்த ரகம், நான் உட்பட.

சூட்டை அளந்தும் பார்த்தேன். கோவிட் நேரத்தில் வாங்கிய துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது, மோட்டார் மேல் காட்டினால் அது காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாமல் கத்தியது. அப்புறம் சித்தப்பா கடையிலிருந்து நிஜமான ஒன்றை வாங்கிவந்தேன். செகண்ட் ஹேண்ட் போர்டு ஒன்றை மாட்டி பழைய மெஷினை நாற்பது நிமிடம் ஓட்டியபோது மோட்டார் உடம்பின் மேல் 71 டிகிரி. புது மெஷினில் அதே ஆள், அதே வேகம், அதே நேரம், 48 டிகிரி.

ஆனால் முழுப் பழியையும் கம்பெனி மேல் போட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். சர்வீஸ் தம்பி பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் வறண்டு, பலகை நடுவில் பழுப்பு நிறத்தில் தேய்ந்திருந்தது. "கடைசியா எப்பங்ணா ஆயில் விட்டீங்க?" என்று கேட்டார். ஆயில் விடவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பெட்டியோடு ஒரு சின்ன பாட்டில் வந்திருந்தது, அதை மாவு மில்லுக்கோ எதற்கோ என்று அம்மா எடுத்து ஷெல்ஃபில் வைத்துவிட்டார். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே வழுக்கல் இல்லையென்றால் மோட்டார் நம்மை மட்டும் அல்ல, அந்த உராய்வையும் சேர்த்து இழுக்கிறது. ஆம்ப்ஸ் ஏறுகிறது, அந்த ஆம்ப்ஸ் எல்லாம் போர்டு வழியாகத்தான் போகவேண்டும், முதலில் சாவது போர்டு. "மோட்டார் தானா சாகறதில்லீங்ணா, பெல்ட்டுதான் கொல்லுது" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதில் பாதி என் தப்பு, பாதி அந்த மோட்டார் அளவு.

ஊற்றவேண்டியது சிலிகோன் ஆயில் மட்டும். அம்மா உடனே, "தேங்காண்ணெய் விட்டா ஆகாதா சாமி, பொள்ளாச்சியிலிருந்து வந்தது அஞ்சு லிட்டர் கிடக்குது" என்று கேட்டார். ஆகாது. அது பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தூசியைப் பிடிக்கும். கதவு கீல்களுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் ஆகாது. நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டை இரண்டு பக்கமும் தூக்கி, கால் விழும் இடத்தில் வளைத்து வளைத்து ஊற்றி, பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து பரப்பிவிடுகிறேன். ரொம்ப ஊற்றினால் பெல்ட் வழுக்கும், அதையும் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று.

2023ல் இரண்டாவதை வாங்கப் போனபோது ஆள் மாறியிருந்தேன். காந்திபுரம் 100 அடி ரோட்டில் இரண்டு கடை, ஆர்.எஸ்.புரத்தில் ஒன்று, அவிநாசி ரோட்டில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: மோட்டார் நேம் பிளேட்டைக் காட்டுங்கள். முதல் கடையில் "சார், இது 5 ஹெச்.பி.ங்க சார், ஜிம்முக்கே இதைத்தான் கொடுக்கிறோம்" என்றார்கள். பிளேட்டைக் கேட்டதும் மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். டிஸ்ப்ளே மெஷினுக்கு என்ன வாரண்டி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆர்.எஸ்.புரம் கடையில் இருந்த பையன் மட்டும் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார். 1.5 கிலோவாட், எஸ்1, இன்சுலேஷன் கிளாஸ் எஃப். கணக்குப் போட்டால் இரண்டு ஹெச்.பி., பெட்டியிலும் இரண்டுதான். கிளாஸ் எஃப் என்றால் காயிலின் இன்சுலேஷன் 155 டிகிரி வரை தாங்கும். எனக்கு அந்த இடத்திலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு நடந்து பார்த்தேன். கடையில் எல்லோரும் மெஷினை 10, 12 என்று வேகமாக ஓடவிட்டுக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது, வேகத்தில் எந்த மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும். மணிக்கு 2 கிலோமீட்டரில் வையுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை நன்றாக ஊன்றி ஊன்றி நடங்கள். ஒவ்வொரு ஊன்றலுக்கும் பெல்ட் தயங்கினால் அல்லது மோட்டாரின் சத்தம் முனகலாக மாறினால் வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே கனமான ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் மச்சானை அழைத்துப்போனேன், அவர் 106 கிலோ, ஒரு கடையில் அவர் ஏறியதும் மெஷின் நின்றே போனது, அதன் ஸ்டிக்கரில் 120 கிலோ வரை என்று எழுதியிருந்தது. தயக்கம் சில சமயம் பெல்ட் தளர்ந்ததாலும் வரும் என்பதால் ஒருமுறை இறுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல மெஷினையும் தள்ளிவிடுவோம்.

ஏ.சி. மோட்டார் வாங்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஏ.சி. இன்டக்ஷன் மோட்டார் என்றால் ஒரு பக்தி, சுற்றும் பாகத்துக்கு உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை இல்லை, தேய்மானம் இல்லை, வருஷக்கணக்காக ஓடும். ஜிம்களில் காலையிலிருந்து ராத்திரிவரை ஓடும் மெஷின்களில் அதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதற்குத் தனியாக ஒரு டிரைவ் வேண்டும், மெஷின் கனம், விலை ஒரு லட்சத்தைத் தாண்டிப்போனது. தினம் ஒன்றரை மணி நேரம் நடக்கும் வீட்டுக்கு அது யானையை வைத்து ஏர் ஓட்டுவது. டி.சி. மோட்டாரில் கார்பன் தேயும்தான், தேய்ந்தால் உள்ளே பொறி தெரியும், கறுப்புத் தூள் விழும், பெல்ட் வெட்டி வெட்டிப் போகும். சில நூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் கார்பனை வெளியிலிருந்து கழற்றி மாட்ட மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் இருக்கிறது. இப்போது ஃபேனில் வந்தது மாதிரி டிரெட்மில்லிலும் பி.எல்.டி.சி. என்கிற பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வர ஆரம்பித்திருக்கிறது, கார்பன் கிடையாது, சத்தம் குறைவு. நல்லதுதான், ஆனால் அந்த மோட்டாருக்கு அந்த போர்டுதான் என்று பூட்டிவிடுகிறார்கள், போர்டு போனால் கம்பெனி வைத்ததுதான் விலை. போர்டால் சூடுபட்டவன் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆள் ஏறாமல் 5 கிலோமீட்டர் வேகத்தில் 200 வாட் பக்கம். நான் ஏறி நடந்தால் 430. 9ல் மெதுவாக ஓடினால் 700 சொச்சம். ஆயில் விட ஒரு மாதம் தள்ளிப்போட்டபோது அதே நடை 520க்குப் போனது, அதிலிருந்து மீட்டர்தான் எனக்கு ஆயில் காலண்டர். எண் 480ஐத் தாண்டினால் பாட்டிலை எடுப்பேன். சாய்வை ஏற்றினால் மோட்டாருக்குப் பாடு கூடும் என்றுதான் யாரும் நினைப்போம், நடப்பது தலைகீழ்: 8 சதவீதம் ஏற்றினால் 430 என்பது 330 ஆகிறது. மேட்டில் நம் எடையே பெல்ட்டைப் பின்னால் தள்ளிவிடுகிறது, பாடு முழுவதும் நம் காலுக்கு. சாய்வைத் தூக்குவதற்குத் தனியாக ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. மின் கட்டணத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: நானும் அம்மாவும் நடந்து இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் சொச்சம்தான் ஆகிறது.

வயரிங்கை மட்டும் சும்மா விடாதீர்கள். பழைய மெஷினை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, அந்தப் பாக்ஸின் ஓட்டை பழுப்பாகி உருகியது. புது மெஷினுக்கு, வாஷிங் மெஷினுக்குப் போன 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போட்டு, எர்த் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டினேன். முதல் வாரம் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இரண்டு தடவை விழுந்தது. எலெக்ட்ரீஷியன் அதை பைபாஸ் பண்ணிவிடலாம் என்றார், நான் விடவில்லை, வேர்வையோடு வெறுங்காலில் நிற்கிற மெஷினுக்கு அது இல்லாமல் எப்படி? அதே லைனில் இருந்த வேறு சாமானைப் பிரித்துத் தனி லைன் ஆக்கியதும் சரியானது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டவே கூடாது. கரண்ட் போய் மெஷின் நின்றால் நிற்கட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், சட்டையில், நாம் விழுந்தால் மெஷினை நிறுத்தும் அந்தச் சிவப்பு சாவியின் கிளிப்பை மாட்டிக்கொள்ள அம்மாவைப் பழக்கத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது.

இன்னொன்று, சிரிக்காதீர்கள், பல்லி. மோட்டார் மூடிக்குள் இருட்டும் கதகதப்பும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். போர்டின் மேல் விழுந்து அதுவும் செத்து போர்டும் செத்த கதை சர்வீஸ் தம்பிகளிடம் கேட்டால் வண்டி வண்டியாகச் சொல்வார்கள், வாரண்டியில் பூச்சி, பல்லியெல்லாம் வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றி வேக்குவத்தால் பஞ்சையும் தூசியையும் உறிஞ்சி எடுக்கிறேன். பால்கனியிலும் மொட்டை மாடி ஷெட்டிலும் வைக்கிறவர்கள் நிறையப் பேர், சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் எஸ்1 மோட்டாரும் எஸ்2 ஆகிவிடும்.

வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு எத்தனை வருஷம் என்று பார்க்காதீர்கள், அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். போர்டுக்கு எத்தனை வருஷம் என்று பாருங்கள். என் புது மெஷினுக்கு மோட்டார் ஐந்து வருஷம், போர்டு இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்காகத்தான் அவிநாசி ரோட்டில் 6,000 ரூபாய் குறைவாகச் சொன்ன மெஷினை விட்டுவிட்டு வந்தேன். போர்டு தனியாகக் கிடைக்குமா, ஊரிலேயே கிடைக்குமா என்பதையும் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள், வாங்குவதற்கு முன்னால்தான் எல்லோரும் போனை எடுப்பார்கள்.

என் வீட்டுக் கணக்கை வைத்துச் சொன்னால், அறுபது, அறுபத்தைந்து கிலோவுக்குள் இருக்கிற ஒரே ஆள், அரை மணி நேர நடை மட்டும் என்றால் கன்டினியூவஸ் 1.25 முதல் 1.5 ஹெச்.பி. போதும். எண்பதுக்கு மேல் என்றாலோ இரண்டு பேர் அடுத்தடுத்து ஏறுவீர்கள் என்றாலோ இரண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். தினமும் நிஜமாகவே ஓடுகிறவர், அல்லது என் மச்சான் மாதிரி நூறைத் தாண்டியவர், 2.5 முதல் 3 வரை பார்க்கலாம். மேஜைக்கு அடியில் தள்ளிவைக்கிற தட்டையான வாக்கிங் பேட்களின் 2.5 ஹெச்.பி.யையும் பிளேட்டைப் பார்க்காமல் நம்பவேண்டாம், அந்த உயரத்துக்குள் எவ்வளவு பெரிய மோட்டாரைத் திணிக்க முடியும்?

புது மெஷினில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. திரையில் காட்டும் கலோரி கணக்கு கற்பனை. முகத்துக்கு நேரே ஒரு ஃபேன் வைத்திருக்கிறார்கள், அது ஊதுவதும் ஊதாததும் ஒன்றுதான். மோட்டார் சத்தம் குறைவு, ஆனால் நான் ஓடும்போது கால் விழும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது, அந்த அக்கா ஒருமுறை நேரிலேயே வந்து, "காலைல அஞ்சரைக்கு வேண்டாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார், ரப்பர் மேட் வாங்கிப் போட்டு ஆறரைக்கு மாற்றிக்கொண்டேன். அப்புறம் கனம். நல்ல மோட்டாரும் நல்ல சட்டமும் சேர்ந்தால் மெஷின் கனமாகத்தான் இருக்கும், அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குள் பெட்டி நுழையவில்லை, மூன்றாம் மாடிக்குப் படி வழியாக நாலு பேர் தூக்கிவந்தார்கள், அதற்குத் தனியாக 1,200 ரூபாய் கொடுத்தேன். ஆர்டர் போடும் முன் லிஃப்ட் கதவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.